ஊரோடு ஒத்தலும் உள்ளத்தின் மதிப்பும்



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்றை மடித்து வைக்க மனம் வரவில்லை. எழுதியவர் இந்நகரின் கிழக்குப் பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் ஓர் அன்னையார். பெயரும் முகவரியும் வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆதலின் செய்தியை மட்டும் கூறுகிறோம்.

அவருடைய மாமியார் கணவரை இழந்தபின், மதுரைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மகனுடைய வீட்டிற்கு வந்து ஓராண்டு ஆகிறது. பேரனுக்குப் பதினோரு வயது. பாட்டியிடம் பற்றுள்ள பிள்ளைதான். நாள்தோறும் மாலையில் பள்ளி வண்டி வந்து நிற்கும் இடத்திற்குப் பாட்டியே சென்று அவனை அழைத்து வருவார். ஒருநாள் மின்தூக்கிக்குள் வேறு நால்வர் நின்றிருக்கையில், "இன்னைக்காச்சும் சோத்தை மிச்சம் வைக்காமச் சாப்பிட்டியாய்யா?" என்று வழக்கம்போல் கேட்டிருக்கிறார். பையன் விடை கூறவில்லை. வீட்டிற்குள் வந்து கதவைச் சாத்திய பின்னர், "பாட்டி, லிப்டுல தமிழ் பேசாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றானாம்.

பாட்டி சினந்துகொள்ளவில்லை. மறுநாள் முதல் மின்தூக்கியில் பேசுவதை நிறுத்திவிட்டார். சில நாட்களில் வண்டி நிற்கும் இடத்திலும் நிறுத்திவிட்டார். இப்போது வீட்டிலும் அவருடைய பேச்சுக் குறைந்துவிட்டது. "பையனைக் கண்டிப்பதா, வளர்ந்தால் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவனும் ஊரோடு ஒத்து வாழத்தானே வேண்டும்?" என்று அன்னையார் கேட்கிறார்.

இக்கேள்வி அந்த ஒரு வீட்டின் கேள்வி அன்று. பிறந்த மண்ணை விட்டு வேறு மண்ணில் குடியேறிய ஒவ்வொரு குடும்பமும் என்றேனும் ஒருநாள் இதனை எதிர்கொண்டே தீரும். ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்பதும் உண்மை. தன்னைத் தானாகக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதும் உண்மை. இவ்விரண்டிற்கும் இடையே நிற்கும் மனிதன் தன்னைப் பற்றித் தானே கொள்ளும் மதிப்பு, எதனால் உயர்கிறது, எதனால் தாழ்கிறது என்பதே இத்திங்கள் நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் பொருள்.

முதலில் ஒன்று கூறிவிடுகிறோம். அந்தப் பையனைக் குறைகூற நமக்குத் தகுதி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன்னர், நாம் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், நண்பகல் உணவு வேளையில் உடன் பணியாற்றும் ஒருவர், தமிழர் கன்னடம் பேசும் முறையை நடித்துக் காட்டினார். அனைவரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம், மற்றவரினும் உரக்கச் சிரித்தோம். அவர் நடித்துக் காட்டிய குரல், தண்டுப் பகுதியில் கடை வைத்திருந்த நம் பெரியப்பாவின் குரலைப் போலவே இருந்தது. அன்று மாலை வீடு திரும்பியபோது உணவு இறங்கவில்லை. நம்மை எவரும் இகழவில்லை. யாரும் ஒரு கடுஞ்சொல் கூறவில்லை. ஆயினும் நம் கண்ணில் நாமே சிறுத்துப்போனோம். பதினோரு வயதுப் பிள்ளை செய்ததை நாம் முப்பது வயதில் செய்தோம். ஆதலின் இனிக் கூறுவன யாவும் நமக்கே நாம் கூறிக்கொள்வனவும் ஆகும்.

பலர் ஒன்றாய் நிற்கும்போது ஒருவன் தன் கண் கண்டதையும் மறுத்துப் பேசுவான் என்பதற்கு அறிவியல் சான்று உண்டு. அமெரிக்க நாட்டில் சாலமன் ஆஷ் என்னும் உளவியல் அறிஞர் 1951ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். முதற்கோட்டிற்கு ஒப்பானது மூன்றனுள் எது என்று கூற வேண்டும். தனியே கேட்டால் ஏறத்தாழ எவரும் தவறு செய்யமாட்டார். அத்துணை எளிய கேள்வி. ஆனால் அறையில் இருந்த பலருள் ஒருவர் மட்டுமே ஆய்வுக்கு உரியவர்; ஏனையோர் தவறான விடையை ஒரே குரலில் கூறுமாறு முன்னரே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். அந்த ஒருவர் என்ன செய்தார்? அத்தகைய கேள்விகளில் மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் கூட்டத்தின் தவறான விடையையே தாமும் கூறினர். நால்வரில் மூவர் ஒருமுறையேனும் அவ்வாறு இணங்கினர். பின்னர்க் கேட்டபோது, தமக்கு உண்மை தெரிந்தே இருந்தது, தனித்து நிற்க மனம் துணியவில்லை என்று கூறியவரும் உண்டு.

ஒரு கோட்டின் நீளத்தில் யாருக்கு என்ன இழப்பு? முன்பின் அறியாதவர் நடுவே, பொருளற்ற ஒரு கேள்விக்கே மனிதன் இவ்வாறு வளைகின்றான். அவ்வாறாயின், நாள்தோறும் கூடப் படிக்கும் பிள்ளைகள் நடுவே, தன் மொழி, தன் பெயர், தன் பாட்டியின் சேலைக்கட்டு ஆகியவற்றைப் பற்றி ஒரு சிறுவன் வளைவதில் வியப்பு என்ன? வளைதல் மனித இயல்பு. அதனைக் குற்றம் என்று தீர்ப்புக் கூறுவதால் பயன் இல்லை.

ஆயினும் இயல்பானது எல்லாம் நன்மை தருவதும் அன்று. வில்லியம் ஜேம்ஸ் என்னும் அறிஞர் 1890ஆம் ஆண்டில் வெளிவந்த தம் உளவியல் நூலில் தன்மதிப்பிற்கு ஒரு கணக்குக் கூறினார். ஒருவன் அடைந்த வெற்றியை, அவன் தனக்கென வகுத்துக்கொண்ட எதிர்பார்ப்பால் வகுத்தால் வரும் ஈவே அவனுடைய தன்மதிப்பு என்றார். தாம் உளவியலையே தம் பெருமையாகக் கொண்டமையால், அத்துறையில் மற்றொருவர் தம்மினும் மிகுதியாக அறிந்திருந்தால் வெட்கம் உண்டாகிறது. கிரேக்க மொழி தெரியாமை தமக்கு வெட்கமே தருவதில்லை என்றும் எழுதினார். எதன்மேல் நம் மதிப்பைப் பணயம் வைக்கிறோமோ, அதனிடத்திலேயே நாம் காயப்படுவோம் என்பது பொருள்.

இதனை நம் வீட்டுப் பையனுக்குப் பொருத்திப் பாருங்கள். 'நான் தமிழன் என்று பிறர் கண்டுகொள்ளாதிருக்க வேண்டும்' என்பதன்மேல் ஒரு பிள்ளை தன் மதிப்பைப் பணயம் வைத்துவிட்டான் எனில், அவனுக்கு ஒருநாளும் அமைதி இராது. ஊரிலிருந்து வரும் மாமா, தொலைபேசியில் பேசும் அத்தை, மதிய உணவுப் பாத்திரத்தில் வைத்த புளிக்குழம்பு, பாட்டியின் ஒரு சொல், ஆகிய யாவும் அவன் மதிப்பைக் குலைக்க வல்லவை ஆகிவிடும். அவன் நன்றாகப் படிக்கலாம். விளையாட்டில் பரிசும் பெறலாம். ஆயினும் மறைத்த ஒன்று வெளிப்படுமோ என்னும் அச்சம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். மறைத்து ஒத்துப்போகிறவன் பிறருடைய நட்பைப் பெற்றாலும் அதனை நம்பமாட்டான். 'என்னை முழுதும் அறிந்தால் இவர்கள் விரும்புவார்களா?' என்னும் ஐயம் அவனை விட்டு நீங்காது.

இங்கே ஒரு விலக்குக் கூற வேண்டும். கேலிக்கு அஞ்சி மறைப்பது வேறு. உயிருக்கு அஞ்சி மறைப்பது வேறு. 1991ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பையொட்டி இந்நகரில் கலவரம் மூண்டது. உயிர்கள் மாண்டன; தமிழர் பலர் வீடும் கடையும் இழந்தனர். 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாளன்று மீண்டும் வண்டிகள் எரிந்தன. அந்நாட்களில் வாயை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவர்களைக் கோழைகள் என்று கூறுவது கொடுமை. இடரறிந்து ஒதுங்குவது அறிவுடைமை. அந்நாட்களில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டினுள் வைத்துக் காத்த கன்னட அண்டை வீட்டாரையும் நம் மக்கள் இன்றளவும் நினைவுகூர்கின்றனர். நாம் பேசுவது அத்தகைய நாட்களைப் பற்றி அன்று. மின்தூக்கியில் நின்ற நால்வர் திரும்பிப் பார்த்த அமைதியான மாலைப் பொழுதைப் பற்றியே பேசுகிறோம்.

அவ்வாறாயின் ஊரோடு ஒத்துப்போகவே கூடாதா? அவ்வாறு கூறினால் அது பெரும்பிழை. ஒத்துப்போதலில் இருவகை உண்டு. ஒன்று கழித்தல், மற்றொன்று கூட்டல். தன்னிடம் உள்ளதை மறைத்தும் துறந்தும் ஒத்துப்போவது கழித்தல். தன்னிடம் இல்லாததைக் கற்று ஒத்துப்போவது கூட்டல். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இருவருமே கடைத்தெருவில் கன்னடம் பேசுவர். ஆனால் ஒருவன் உள்ளத்தில் குறைந்துகொண்டே வருகிறான். மற்றவன் நிறைந்துகொண்டே வருகிறான்.

கூட்டலுக்குச் சான்று தேட நாம் தொலைவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்படும் மாஸ்தி வேங்கடேச ஐயங்கார் 1891ஆம் ஆண்டு கோலார் வட்டாரத்தில், வீட்டில் தமிழ் வழங்கும் குடும்பத்தில் பிறந்தவர். மைசூர் அரசின் உயர் பணியில் இருந்து, தமக்கு இளையவர் ஒருவர் தம்மைக் கடந்து உயர்த்தப்பட்டபோது 1943ஆம் ஆண்டில் பணியைத் துறந்தவர். கன்னடத்தில் கதையும் கவிதையும் நாடகமும் எழுதிக் குவித்தார். குடகு நாட்டின் இறுதி மன்னனைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திர' என்னும் புதினத்திற்காக 1983ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசு பெற்றார். அவரைக் கன்னடத்தின் ஆஸ்தி, அதாவது சொத்து, என்று அம்மக்கள் சொல் விளையாட்டாகவே அழைத்து மகிழ்ந்தனர். ஊரின் மொழியை அவர் தம்முடையதாக்கிக் கொண்டார். ஆயினும் பதவிக்காகத் தம் மானத்தை வளைக்க அவர் இசையவில்லை. ஒத்துப்போக வேண்டிய இடம் எது, ஒத்துப்போகக் கூடாத இடம் எது என்று அவர் அறிந்திருந்தார்.

மற்றொருவர் ஏ. கே. இராமானுஜன். 1929ஆம் ஆண்டு மைசூரில் பிறந்தவர். அவருடைய வீட்டில் மாடியில் தந்தையாரோடு ஆங்கிலம். கீழே அடுக்களையில் அன்னையாரோடு தமிழ். தெருவில் இறங்கினால் கன்னடம். மூன்றனுள் எதனையும் அவர் மறைக்கவில்லை. கன்னடத்தில் கவிதை எழுதினார். கன்னட வசனங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். குறுந்தொகைப் பாடல்களைத் தெரிந்தெடுத்து 1967ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சங்கப் பாடல்களின் அருமையை மேலைநாட்டவர் பலர் உணர அந்நூல் வாயில் திறந்தது. அடுக்களைத் தமிழை வெட்கத்தால் அவர் விட்டிருந்தால், இழப்பு அவருக்கு மட்டுமா? தமிழுக்கும் அன்றோ இழப்பு!

இவ்விரு மொழிகளும் அயல்மொழிகள் அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குக் கூற வேண்டும். நம் பால் அங்கே ஹாலு. நம் பல் அங்கே ஹல்லு. பூ ஹூவு ஆகிறது. புலி ஹுலி ஆகிறது. பத்து ஹத்து ஆகிறது. பெயர் ஹெசரு ஆகிறது. பழங்கன்னடத்தில் இருந்த பகரம் காலப்போக்கில் ஹகரமாக மாறியது. அல்சூரைக் கன்னடத்தில் ஹலசூரு என்பர். ஹலசு என்பது பலா. பலாமரம் நின்ற ஊர் என்பது அப்பெயருக்குக் கூறப்படும் பொருள்களுள் ஒன்று. இந்த ஒரு திறவுகோலைக் கையில் கொடுத்துவிட்டால், பத்து வயதுப் பிள்ளை ஒரு மாலைப் பொழுதில் இருபது சொற்களைத் தானே கண்டுபிடித்துவிடும். அன்று முதல் இரு மொழிகளும் அதற்கு உறவினராகத் தோன்றும். உறவினர் நடுவே ஒளிந்து வாழ யார் விரும்புவர்?

கழித்தலைக் கண்டிக்கும் நாம், அதன் மறுபக்கத்தையும் கண்டிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இந்நகரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும், 'கன்னட கொத்தில்லா' என்னும் இரண்டு சொற்களுக்கு மேல் அறியாதவர் நம்முள் உண்டு. அதனைத் தமிழ்ப்பற்று என்று சிலர் பெருமையாகவும் கூறிக்கொள்கின்றனர். பற்று அன்று அது. காய்கறி விற்கும் அம்மையாரும், தெருப் பெருக்கும் தோழரும், மருத்துவமனைச் செவிலியரும் பேசும் மொழியைக் கற்க மறுப்பதற்குத் தனித்தன்மை என்று பெயர் சூட்டினால், அச்சொல்லுக்கே இழுக்கு. உண்மையில் இவர்களுட் பலர் அஞ்சுகின்றனர். தவறாகப் பேசினால் சிரிப்பார்களே என்று அஞ்சி, பேசாமலே இருந்து, அந்த அச்சத்தின்மேல் பெருமை என்னும் போர்வையைப் போர்த்துக்கொள்கின்றனர். தமிழை மறைக்கும் சிறுவனும் கன்னடத்தைக் கற்க மறுக்கும் பெரியவரும் அஞ்சுவது ஒன்றற்கே. இருவரும் பிறர் சிரிப்பிற்கு அடிமைகள்.

தன்மதிப்பு உடையவன் தவறாகப் பேசத் துணிவான். திருத்துவாரிடம் நன்றி கூறுவான். மறுநாள் இன்னும் ஒரு சொல் மிகுதியாகப் பேசுவான். தமிழ் ஒலியோடு கலந்த அவனுடைய கன்னடம் அவனுக்கு வெட்கம் தராது. அது அவன் வந்த வழியையும் கற்ற முயற்சியையும் ஒருங்கே காட்டும் அடையாளம்.

இவ்வுண்மைக்குப் பெங்களூரே ஆண்டுதோறும் ஒருமுறை சான்று காட்டுகிறது. சித்திரை முழுநிலவு நாளில், பழைய நகரத்துத் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து நள்ளிரவில் கரகம் புறப்படுகிறது. திரௌபதியம்மனுக்கு உரிய அவ்விழாவை நடத்துவோர் திகளர் சமூகத்தினர். திகளர் என்னும் சொல்லே கன்னடத்தில் தமிழரைக் குறித்த பழைய பெயர். தமிழ் மண்ணோடு தொடர்புடைய இம்மரபினர், தலைமுறை தலைமுறையாக இந்நகரில் தோட்டத் தொழில் செய்து வாழ்ந்தவர்கள். செஞ்சி வட்டாரத்தில் திரௌபதியம்மன் திருவிழாவும் பாரதக் கூத்தும் கண்டவர்களுக்கு இவ்வழிபாட்டின் உறவு எளிதில் விளங்கும்.

கரகம் எடுப்பவர் ஆண்மகன். ஆயினும் பெண்ணாடை உடுத்து, வளையல் அணிந்து, மலரால் புனைந்த உயர்ந்த கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கி வருவார். சூழ வீரகுமாரர்கள் உருவிய வாளோடு வருவர். ஊர்வலம் செல்லும் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிற்கும் செல்லும். ஆண்மகன் வளையல் அணிந்து தெருவில் நடப்பது வேறு எந்த நாளிலும் கேலிக்கு உரியதாகலாம். அன்று இரவு மட்டும் நகரமே விழித்திருந்து வணங்குகிறது. பெங்களூரின் தனிப்பெரும் விழா எது என்று கேட்டால், கன்னட மக்களே கரகத்தைத்தான் கூறுவர்.

திகளர் ஊரோடு ஒத்துப் போகவில்லையா? போயினர். இம்மண்ணின் மொழியைப் பேசினர். இம்மண்ணில் பயிர் செய்தனர். ஆனால் தங்கள் அம்மனையும் கரகத்தையும் மறைத்து வைக்கவில்லை. மறைக்காது நெடுங்காலம் தெருவில் எடுத்து வந்தமையால், அது ஊருக்கே உரிய பெருமையாயிற்று. தனக்கு உரியதை வெட்கமின்றி ஊருக்குக் கொடுப்பவனை ஊர் தன்னவன் என்று கொள்ளும்.

மறைந்திருந்த ஒன்று வெளிப்பட்ட வரலாறும் நம்மூரில் உண்டு. அல்சூர் ஏரியின் அருகே 1991ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பினாலும் வழக்கினாலும் திறக்கப்படாமல் 18 ஆண்டுகள் மூடப்பட்டே நின்றது. சாக்குத் துணியால் போர்த்தப்பட்ட அவ்வுருவத்தைக் கடந்து செல்லும் போதெல்லாம் தலை கவிழ்ந்து சென்ற பெரியவர்களை நாம் அறிவோம். 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள், கர்நாடக முதலமைச்சராய் இருந்த எடியூரப்பாவின் முன்னிலையில், தமிழ்நாட்டு முதலமைச்சராய் இருந்த கருணாநிதி அதனைத் திறந்து வைத்தார். நான்கு நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலை இரு முதலமைச்சர்களும் கலந்துகொண்ட விழாவில் திறக்கப்பட்டது. ஈரடியில் அறம் உரைத்தவர் இங்கே. மூவடியில் அறம் உரைத்தவர் அங்கே.

அப்போர்வை எவ்வாறு விலகிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். வள்ளுவரை நாம் விட்டுக்கொடுத்திருந்தால் விலகியிராது. வள்ளுவரை மட்டுமே போற்றுவோம், சர்வக்ஞர் யார் என்று கேட்போம் என்று நின்றிருந்தாலும் அத்துணை இனிதாக விலகியிராது. நம்முடையதைக் கொண்டுவந்தோம், அவர்களுடையதை வரவேற்றோம். அங்கும் நடந்தது கூட்டலே. உலகத்தோடு பொருந்தி வாழ அறியாதவனுக்குக் கல்வி இருந்தும் அறிவில்லை என்னும் கருத்தை ஒழுக்கமுடைமையில் வைத்தவரும் வள்ளுவரே. மானத்திற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவரும் அவரே. ஒன்று மற்றொன்றிற்குப் பகை என்று அவர் கருதவில்லை.

இனி, மடல் எழுதிய அன்னையாருக்கு நாம் கூற விரும்புவது இதுதான்.

அம்மா, பையனைக் கண்டிக்க வேண்டா. கண்டித்தால், பிறர் முன் தமிழ் பேசினால் கேலி, பேசாவிட்டால் வீட்டில் வசை என்று இருபுறமும் அஞ்சுவான். விட்டுவிடவும் வேண்டா. மறைத்தல் பழகிவிட்டால் அது வளர வளரச் சரியாவதில்லை. இன்னும் நுட்பமாக மறைக்கவே கற்கும். நாம் முப்பது வயதில் சிரித்த சிரிப்பு அதற்குச் சான்று. தனித்திருக்கும்போது அமைதியாகக் கேளுங்கள்: "யார் பாத்தாங்க? என்ன சொல்லிருவாங்கன்னு நெனச்ச?" என்று. பள்ளியில் எவரேனும் அவனை நகைத்திருக்கலாம். அதனை அவன் வாய்விட்டுக் கூறினாலே பாதிச் சுமை இறங்கும்.

அடுத்து, அவனுக்கு ஓர் ஆசிரியர் பதவி கொடுங்கள். பள்ளியில் அவன் கன்னடம் கற்கிறான் அன்றோ? நாளைக்கு ஐந்து சொல் வீதம் பாட்டிக்கு அவன் கற்பிக்கட்டும். பால் ஹாலு ஆகும் கதையை இருவரும் சேர்ந்து ஆராயட்டும். ஊட்ட ஆய்த்தா என்றால் சாப்பாடு ஆயிற்றா என்று பொருள் என அவன் சொல்லிக் கொடுக்கட்டும். ஈடாகப் பாட்டி அவனுக்குத் தமிழ் எழுத்தும் ஒரு கதையும் சொல்லித் தரட்டும். பாட்டியை மறைக்க வேண்டியவராகக் கண்ட பிள்ளை, தன் மாணவியாகக் காணத் தொடங்குவான். தன் மாணவி நாலு பேர் நடுவே பேசுவதைக் கேட்க எந்த ஆசிரியனுக்கும் மகிழ்ச்சியே.

மூன்றாவது, மிக இன்றியமையாதது. சாலமன் ஆஷின் ஆய்வில் ஒரு பகுதியை இதுவரை நாம் கூறவில்லை. கூட்டத்துள் ஒரே ஒருவர் உண்மை விடையைக் கூறுமாறு அவர் மாற்றி அமைத்தார். அவ்வளவே. அந்த ஒரு துணை கிடைத்தவுடன், தவறாக இணங்குவோர் அளவு நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. கூட்டத்தை எதிர்க்க மற்றொரு கூட்டம் வேண்டுவதில்லை. ஒரு துணை போதும்.

அந்தத் துணை யார்? தாயும் தந்தையுமே. ஒரு மாலை நீங்களோ உங்கள் கணவரோ அந்த மின்தூக்கியில் உடன் நில்லுங்கள். அண்டை வீட்டாருக்குக் கன்னடத்தில் வணக்கம் கூறுங்கள்; நலம் கேளுங்கள். பின்னர் உங்கள் மாமியாரிடம் திரும்பி, வீட்டில் பேசும் அதே குரலில், "அத்தை, முட்டி வலி பரவாயில்லையா?" என்று தமிழில் கேளுங்கள். சிறிய இடத்தில் மெல்லப் பேசுவது எம்மொழியிலும் நல்ல பண்பு. அதனைப் பாட்டிக்கும் பேரனுக்கும் கூறலாம். ஆனால் மெல்லப் பேசுவது வேறு, பேசாதிருப்பது வேறு. அண்டை வீட்டார் உரையாடலில் கலந்துகொண்டால், அவர்களுக்கு விளங்கும் மொழிக்கு மாறிக்கொள்வது மரியாதை. அவர்கள் நிற்கின்றார்கள் என்பதற்காகவே தம் வீட்டு மொழியை விழுங்குவது மரியாதை ஆகாது. இந்த வேறுபாட்டை அப்பிள்ளை சொல்லால் அறிய மாட்டான். உங்களைப் பார்த்தே அறிவான்.

நாமும் நம்மைச் சோதித்துக்கொள்வோம். அலுவலகத்தில் ஊரிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால், நாம் எழுந்து படிக்கட்டிற்கு ஓடுவது பிறருக்கு இடையூறு ஆகாமைக்கா, நம் மொழி கேட்கப்படாமைக்கா? பிள்ளைக்கு நல்ல தமிழ்ப் பெயர் வைத்துவிட்டு, பள்ளியில் வேறு விதமாக அழைத்தால் திருத்தாமல் இருப்பது பெருந்தன்மையா, அச்சமா? 1809ஆம் ஆண்டு தண்டு அமைந்த நாள் தொட்டுத் தமிழர் இந்நகரில் வாழ்கின்றனர். 1950ஆம் ஆண்டு முதல் இங்கே தமிழ்ச் சங்கம் இயங்கி வருகிறது. இவ்வளவு நெடிய வாழ்வுக்குப் பின்னும், நம் பிள்ளை ஒரு மின்தூக்கியில் நாணி நிற்பானாயின், அவனுக்கு நாணத்தைக் கற்பித்த ஆசிரியர் வெளியே மட்டும் இருக்கிறார் என்று கூற இயலுமா?

ஊருக்காகக் கற்போம், ஊருக்காக மறைக்க மாட்டோம். இது ஒன்றையே இத்திங்கள் நம் வீடுகளில் பேசிப் பார்ப்போம்.

அம்மா, உங்கள் மாமியார் மீண்டும் பேசத் தொடங்கிய செய்தியை எமக்கு எழுதுங்கள். கன்னடத்தில் அவர் கற்ற முதல் ஐந்து சொற்களையும் சேர்த்து எழுதுங்கள், இப்பக்கத்தில் வெளியிடுவோம். மின்தூக்கியில் அவர் கேட்ட கேள்விக்குப் பேரன் இன்னும் விடை கூறவில்லை. சோற்றை மிச்சம் வைத்தானா இல்லையா என்பதையும் அறிய விரும்புகிறோம்.